கொடிக்கயிறும் ஒரு பாடநூல்

உரோமைச் சிறையில் தம் இறுதி நாள்களைக் கழித்துக்கொண்டிருந்த புனித சின்னப்பர், தம் அன்பு மகனைப் போன்ற திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முடிவில் இரு சிறு வேண்டுகோள்களை விடுக்கிறார். துரோவா நகரில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையை எடுத்துவர வேண்டும் என்பது ஒன்று. குளிர்காலம் தொடங்குமுன் வந்துசேர வேண்டும் என்பது மற்றொன்று. விசுவாசத்தைப் பற்றியும் மீட்பைப் பற்றியும் ஆழ்ந்த உண்மைகளை எழுதிய அதே கை, ஒரு போர்வையைப் பற்றியும் எழுதியது. இதில் வியப்பொன்றும் இல்லை. வானத்துக்கும் தன் உடலுக்கும் நடுவே மனிதன் வைத்துக்கொண்ட காப்பே ஆடை. ஆதலின் எம்மொழியிலும் வானிலையைக் குறிக்கும் சொற்களும் ஆடையைக் குறிக்கும் சொற்களும் உடன்பிறந்தாரைப்போல் கைகோத்தே நடக்கின்றன.

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகளின் பாடநூல்களிலும் இவ்விரு வகைச் சொற்கள் தொடக்க வகுப்புகளிலேயே இடம்பெறுகின்றன. அவற்றை நம் பிள்ளைகள் எவ்வாறு கற்கின்றனர், எவ்வாறு கற்றல் நலம், அதில் பெற்றோருக்குரிய பங்கு யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம். "எனக்கு ஆங்கிலம் தெரியாதே, சாமி" என்று ஒதுங்கி நிற்கும் தாய்மாரை மனத்தில் கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

புத்தகத்துப் பருவமும் வீட்டுப் பருவமும்

ஐப்பசி மாதத்து அடைமழை நாளொன்றில், எம் பங்கின் மாலை வகுப்புக்கு வந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், இது என்ன பருவம் என்று ஆங்கிலத்தில் கேட்கப்பட்டது. இலையுதிர்காலத்தைக் குறிக்கும் 'ஆட்டம்' என்னும் சொல்லை அவள் தயங்காமல் சொன்னாள். இலைகள் உதிரும், மக்கள் கம்பளிச் சட்டை அணிவர் என்று அடுத்த இரண்டு வரிகளையும் பிழையின்றி ஒப்பித்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பின்னலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தின்படி அவள் விடை சரியே. ஆயினும், "நான் நனைந்துவிட்டேன்" என்று சொல்வதற்கு அவளிடம் ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லை.

குறை அச்சிறுமியிடத்தில் இல்லை. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்னும் நான்கு பருவப் பிரிவு ஐரோப்பா போன்ற குளிர்நாடுகளுக்கு இயல்பானது. நம் முன்னோர் ஆண்டினை ஆறாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். இன்று நாம் வீட்டில் வழங்கும் பேச்சில் வெயில்காலம், மழைக்காலம், பனிக்காலம் என்று மூன்றே உண்டு. இந்தியாவின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெறுகிறது. தமிழ்நாடோ தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகிறது. ஆகவே வடஇந்தியாவில் எழுதப்பட்ட நூலின் மழை மாதங்கள்கூட நம் கீழைக்கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பொருந்துவதில்லை.

இதனால் 'ஸ்னோ' என்றும் 'ஆட்டம்' என்றும் பிள்ளைகள் கற்கவே கூடாது என்று எவரும் கொள்ளலாகாது. உலகம் பரந்தது, அதனைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். நாம் வற்புறுத்துவது வரிசையை மட்டுமே. அருகிலுள்ளது முதலில், தொலைவிலுள்ளது பின்னர். மழையில் நனைந்து நிற்கும் குழந்தைக்கு 'ரெயின்', 'வெட்', 'அம்ப்ரெல்லா' என்னும் சொற்களே முதற்சொற்கள். அவற்றைத் தன் தோலால் உணர்ந்து கற்ற குழந்தை, பின்னர்க் காணாத பனியையும் கற்பனையில் காணும்.

இது புதிய கருத்தன்று. மொராவிய நாட்டுக் கல்வியாளர் கொமேனியுஸ், பொருளைக் காட்டிச் சொல்லைக் கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கையினர். 1658ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட படப் பாடநூலில் மேகத்துக்கு ஒரு படமும் தையற்காரனின் கடைக்கு ஒரு படமும் இருந்தன. படத்தின் உறுப்புகளுக்கு எண்கள் இடப்பட்டு, அவற்றுக்கு உரிய சொற்கள் இலத்தீனிலும் குழந்தையின் தாய்மொழியிலும் அருகருகே தரப்பட்டன. தாய்மொழியை ஒதுக்காமல் அதன் கைபிடித்தே அயல்மொழிக்குச் செல்லவேண்டும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார்.

பனி ஒன்று, சொற்கள் பல

தாய்மொழியின் கைபிடித்துச் செல்லும்போது, இரு மொழிகளும் ஒரே அளவுகோலால் உலகை அளப்பதில்லை என்பது விளங்கும். தமிழில் பனி என்பது ஒரு சொல். விடியலில் புல்மேல் முத்துப்போல் நிற்பதும் பனி, சாலையை மறைத்து நிற்பதும் பனி, இமயத்தில் வெண்மையாகக் கிடப்பதும் பனி. ஆங்கிலத்தில் புல்லின்மேல் உள்ளது 'டியூ'. மெல்லிய மூட்டம் 'மிஸ்ட்'. அடர்ந்த மூட்டம் 'ஃபாக்'. நிலத்தின்மேல் உறைந்து படிவது 'ஃப்ராஸ்ட்'. வானிலிருந்து பஞ்சுபோல் விழுவது 'ஸ்னோ'. "இன்று காலை எங்கள் ஊரில் ஸ்னோ பெய்தது" என்று திண்டுக்கல் மாணவன் எழுதினால் அவன் பொய் சொல்லவில்லை. பனி என்பதை மொழிபெயர்த்திருக்கிறான். உதகையில் குளிர்காலத்தில் நிலம் வெளுத்துக் கிடப்பதும் 'ஸ்னோ' அன்று, 'ஃப்ராஸ்ட்' என்பதே. இவ்வைந்து சொற்களையும் மார்கழி விடியற்காலையில் பிள்ளையை வாசலுக்கு அழைத்துச் சென்று கற்பிக்கத் தொடங்கினால், முதல் இரண்டையாவது கண்முன்னே காட்டிவிடலாம்.

மறுபுறம், நம்மிடம் உள்ள சில சொற்களுக்கு ஆங்கிலம் ஈடு தரவியலாமல் தடுமாறுகிறது. வெயில் என்பதில் ஒளியும் வெப்பமும் சேர்ந்தே உள்ளன. 'சன்லைட்' என்றால் வெப்பம் போகிறது, 'ஹீட்' என்றால் ஒளி போகிறது. குற்றாலத்துச் சாரலை 'டிரிஸில்' என்று சொன்னால் தூறல் வருமேயன்றி, காற்றோடு சாய்ந்து வந்து முகத்தில் படும் அந்த இன்பம் வருவதில்லை. நம் கடற்கரை மக்கள் காற்றுக்கு இட்டிருக்கும் பெயர்களோ தனிச்செல்வம். வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், தெற்கிலிருந்து வீசுவது சோழகம், மேற்கிலிருந்து வீசுவது கச்சான். கரைக்குக் கரை சிறிது வேறுபட்டாலும், ஆங்கிலப் பாடநூலின் 'விண்ட்' என்னும் ஒற்றைச்சொல்லைவிடப் பெரிய அறிவு இதில் அடங்கியிருக்கிறது. இவ்வுண்மையைப் பிள்ளைக்கு உணர்த்துவது மிகத் தேவை. தன் மொழி வறியது, ஆங்கிலமே செல்வமுடையது என்னும் தாழ்வெண்ணம் இளநெஞ்சில் வேரூன்றாமல் காக்க இதைவிட நல்ல வழி இல்லை.

மழை வருவதும் குளிர்வதும்

சொல்லைத் தனியே கற்பித்தல் போதாது. வாக்கியத்தில் வைத்தே கற்பிக்கவேண்டும். "மழை வருகிறது" என்பது நம் வழக்கு. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'ரெயின் இஸ் கமிங்' என்கிறது குழந்தை. ஆங்கிலேயர் 'இட் இஸ் ரெயினிங்' என்பர். அங்கே 'இட்' என்பது எதைக் குறிக்கிறது என்று கேட்டால் எதையும் குறிக்கவில்லை என்பதே விடை. எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது என்பதால், வெறும் நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்தது போன்ற அமைப்பு அது. 'இட் இஸ் ஹாட்', 'இட் இஸ் விண்டி', 'இட் இஸ் கிளௌடி' என்று ஒரே அச்சில் பத்து வாக்கியங்களை வார்த்துவிட்டால், குழந்தை இலக்கண விதியைக் கேளாமலே அதனைக் கைக்கொள்ளும்.

குளிரைப் பற்றிய வாக்கியங்களில் இன்னும் கவனம் வேண்டும். நாம் "எனக்குக் குளிர்கிறது" என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்' என்றால் இப்பொருள் வரும். 'ஐ ஹாவ் எ கோல்ட்' என்றால் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். ஒரு சிறு சொல் மாறியதும், போர்வை கேட்டவர் மருந்து கேட்டவராகிறார். 'ஹாட்' என்பதும் அத்தகையதே. வெயிலும் 'ஹாட்', காப்பியும் 'ஹாட்', காரக் குழம்பும் 'ஹாட்'.

கட்டுவது, போடுவது, சூடுவது

ஆடையைப் பற்றிப் பேசும்போது தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனிவினை வைத்திருக்கிறது. சேலையும் வேட்டியும் கட்டுகிறோம், சட்டையும் செருப்பும் போடுகிறோம், நகை அணிகிறோம், பூச் சூடுகிறோம். ஆங்கிலத்தில் இவை அனைத்துக்கும் 'வேர்' என்னும் ஒரே வினை போதும். ஆனால் வேறோர் இடத்தில் அது நுணுக்கம் காட்டுகிறது. அணிந்துகொண்டிருக்கும் செயல் 'புட்டிங் ஆன்'. அணிந்திருக்கும் நிலை 'வேரிங்'. நம் மொழியில் "சேலை கட்டுகிறாள்" என்பதற்கும் "சேலை கட்டியிருக்கிறாள்" என்பதற்கும் உள்ள வேறுபாடே அது. தமிழில் அவ்வேறுபாட்டை உணர்ந்த குழந்தைக்கு ஆங்கிலத்தில் அது கடினமாகாது.

பன்மையும் சிறிது இடர்தரும். ஒரு கால்சட்டையை ஆங்கிலம் 'டிரவுசர்ஸ்' என்று பன்மையிலேயே வழங்குகிறது. இரண்டு கால்களும் சேர்ந்ததால் 'எ பேர் ஆஃப் டிரவுசர்ஸ்' என்பர். துணி என்பது 'கிளாத்', உடுப்பு என்பது 'குளோத்ஸ்'. நாம் 'டிரெஸ்' என்று ஆண் பெண் இருபாலர் உடைக்கும் பொதுவாக வழங்குகிறோம். ஆங்கிலேயர் 'எ டிரெஸ்' என்று ஒன்றைச் சுட்டினால், மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த பெண்கள் உடையையே நினைப்பர். 'பேண்ட்ஸ்' என்பது அமெரிக்காவில் கால்சட்டை, பிரித்தானியாவிலோ உள்ளாடை.

சொற்கள் வந்த வழி

வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொற்களின் வரலாறு பெருமகிழ்ச்சி தரும். ஆங்கிலத்தின் ஆடைச் சொற்களுள் பல, நம் நாட்டிலிருந்து கப்பலேறியவை. 'காலிகோ' என்னும் பருத்தித்துணி கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கியது. 'மெட்ராஸ்' என்றால் ஆங்கில அகராதியில் நகரம் மட்டுமன்று, கட்டம்போட்ட பருத்தித்துணியும் ஆகும். பழவேற்காட்டுக் கைக்குட்டைகள் அவ்வூர்ப் பெயராலேயே கடல்கடந்து விற்பனையாயின. 'பைஜாமா', 'ஷால்', 'காக்கி' முதலியன பாரசீக வேர் கொண்டு இந்துஸ்தானியின் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றவை. 'காக்கி' என்றால் புழுதிநிறம் என்று பொருள். நாமும் கடன் வாங்கியிருக்கிறோம். பொத்தானும் துவாலையும், யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்கும் சப்பாத்தும் போர்த்துக்கேயர் தந்த சொற்களே.

வானிலைச் சொற்களிலும் இவ்வழக்கு உண்டு. 'மான்சூன்' என்பது பருவம் என்று பொருள்படும் 'மௌசிம்' என்ற அரபுச்சொல். போர்த்துக்கேய மாலுமிகளின் வாய்ப்பட்டு ஆங்கிலத்தில் நுழைந்தது. நம் 'பருவக்காற்று' என்னும் சொல்லிலும் அதே பொருள் உறைவதைக் காண்க. 'சைக்ளோன்' என்பதோ கல்கத்தாவில் பிறந்த சொல். அங்கு வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், சுழன்று வரும் புயலுக்குக் கிரேக்கச் சொல்லின் அடியாக அப்பெயரை இட்டு, 1848ஆம் ஆண்டில் மாலுமிகளுக்கென ஒரு நூலும் வெளியிட்டார். ஆங்கிலம் எங்கோ வானத்திலிருந்து இறங்கிய மொழியன்று, பல மக்களிடம் கேட்டுப் பெற்று வளர்ந்த மொழி என்று அறியும் பிள்ளை, அதனிடம் அஞ்சுவதில்லை.

கொடிக்கயிற்றின் அடியில்

இனித் தாய்மாருக்கு வருவோம். ஆங்கிலம் அறியாத தாய் இதில் என்ன செய்யமுடியும்? மிகுதியாகவே செய்யமுடியும். வீட்டுக்குப் பின்புறம் கட்டியிருக்கும் கொடிக்கயிறே இப்பாடத்துக்குரிய கரும்பலகை. துவைத்த துணிகளை உலர்த்தும்போது பிள்ளையை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த சொற்களை அவன் ஒவ்வொன்றாகச் சொல்லட்டும். நீங்கள் அதற்குரிய துணியை எடுத்து நீட்டுங்கள். இங்கு ஆசிரியன் பிள்ளை, மாணவி நீங்கள். தாய்க்குக் கற்பிக்கும் பிள்ளை தான் கற்றதை மறப்பதில்லை.

தொட்டுப் பார்த்தால் ஈரம், 'வெட்'. பாதி உலர்ந்தது, 'டாம்ப்'. முற்றும் காய்ந்தது, 'டிரை'. மேகம் திரண்டால் 'கிளௌடி', காற்று எழுந்து துணி படபடத்தால் 'விண்டி'. முதல் துளி விழுந்ததும் எல்லாரும் ஓடித் துணிகளை வாரிக்கொண்டு உள்ளே வருகிறீர்களே, அப்போது பிள்ளை 'இட் இஸ் ரெயினிங், பிரிங் இன் தி குளோத்ஸ்' என்று கூவினால், வானிலையும் ஆடையும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்துவிட்டன. அந்த வாக்கியத்தை அவன் வாழ்நாள் முழுதும் மறவான். கேட்ட கட்டளையை உடலால் செய்துகாட்டிக் கற்கும் இம்முறையை, ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளவியலார் 1960களில் ஆராய்ந்து ஒரு கற்பித்தல் முறையாகவே வகுத்தார். தொப்பியைப் போடு, தொப்பியைக் கழற்று, குடையை விரி, குடையை மடக்கு என்று சொல்லிச் செய்வித்தால் சிறுவர்க்கு அது விளையாட்டு. மொழியோ உள்ளே இறங்கிவிடுகிறது.

இதில் நான்கு நெறிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. முதலாவது, நாளொன்றுக்கு ஐந்து சொற்களே போதும். ஒரே மூச்சில் ஐம்பது சொற்களை ஒப்பித்தவன் மறுவாரமே அவற்றை மறந்துவிடுகிறான். இரண்டாவது, இன்று கற்றதை நாளையும், பின்னர் ஞாயிறன்றும் ஒருமுறை கேட்க வேண்டும். மூன்றாவது, தனிச்சொல்லாகக் கேளாது வாக்கியமாகக் கேட்க வேண்டும். நான்காவது, பிழையை நகையாடாமல், சரியான வடிவத்தை அறிந்தவர் அமைதியாகத் திருப்பிச் சொன்னால் போதும். 'ஸ்னோ' என்பதை 'இஸ்னோ' என்று சொல்லும் பிள்ளை, நாலு முறை சரியாகக் கேட்டால் தானே திருந்திக்கொள்ளும். நாலு பேர் சிரித்தாலோ அப்புறம் வாயே திறக்காது.

கோவிலும் ஒரு வகுப்பறை

பருவத்துக்கேற்ற ஆடை என்பதை நம் பிள்ளைகள் வேறெவரினும் நன்கு அறிவர். ஏனெனில் ஞாயிறுதோறும் பீடத்தில் அதனைக் காண்கின்றனர். திருவழிபாட்டுக் காலத்தையும் ஆங்கிலம் 'சீசன்' என்றே வழங்குகிறது. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஊதா, கிறிஸ்து பிறப்பிலும் உயிர்ப்பிலும் வெள்ளை, தூய ஆவியின் பெருவிழாவில் சிவப்பு, பொதுக்காலத்தில் பச்சை. பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், இன்று சுவாமியார் அணிந்த உடையின் நிறம் ஆங்கிலத்தில் என்ன என்று கேளுங்கள். பூசைக்கு உதவும் சிறுவர்களுக்கு அங்கியின் பெயரும் இடைக்கச்சையின் பெயரும் ஆங்கிலத்தில் தெரிந்தால், அது அவர்களுக்குப் பெருமையாகவும் இருக்கும்.

கிறிஸ்து பிறப்புக் குடிலில் பஞ்சைப் பிய்த்துப் பனியாகப் பரப்புகிறோம். கிறிஸ்மஸ் தாத்தாவோ சிவப்புக் கம்பளி அங்கிக்குள் வியர்த்துக் கொட்டியபடி ஆடுகிறார். 'ஸ்னோ', 'உல்', 'ஸ்கார்ஃப்', 'க்ளவ்ஸ்' என்னும் தொலைநாட்டுச் சொற்களைக் கற்பிக்க இதனினும் ஏற்ற வேளை வேறில்லை. அத்தாத்தா ஏன் அவ்வாறு உடுத்தியிருக்கிறார், நம்மூரில் பிறந்திருந்தால் எதை உடுத்தியிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் விடைகள் உங்களை மகிழ்விக்கும். சொற்களும் தாமே நிலைத்துவிடும்.

சொல் உயிர்காக்கும் இடங்கள்

இவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணவேண்டா. 2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் குமரிக்கடலில் ஒக்கிப் புயல் உருவானபோது கடலில் இருந்த நம் மீனவச் சகோதரர் பலர் திரும்பவேயில்லை. குமரிக் கரையின் பங்குகளில் அத்துயரம் இன்னும் ஆறவில்லை. வானிலைச் செய்தி இன்று கைப்பேசியிலும் வந்துவிடுகிறது. பல நேரங்களில் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்லும் பொறுப்புப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் விழுகிறது. அப்பிள்ளைக்கு 'டிப்ரெஷன்' என்றால் மனச்சோர்வு என்று மட்டும் தெரிந்திருந்தால் என் செய்வது?

இந்திய வானிலைத் துறையின் வழக்கில் 'டிப்ரெஷன்' என்பது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதில் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை வீசும். 'டீப் டிப்ரெஷன்' என்பது ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை. 62ஐத் தொட்டால் 'சைக்ளோனிக் ஸ்டார்ம்', அதாவது புயல். 89ஐத் தொட்டால் 'சிவியர்' என்னும் அடைமொழி சேர்ந்து தீவிரப் புயலாகிறது. மழையிலும் அவ்வாறே. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால் 'ஹெவி', 115.6ஐ எட்டினால் 'வெரி ஹெவி', 204.4ஐத் தாண்டினால் 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் எச்சரிக்கை நிறங்களையும் சேர்த்து, கடற்கரைப் பங்குகளின் மறைக்கல்வி வகுப்புகளிலேனும் ஆண்டுக்கு ஒருமுறை இச்சொற்களைக் கற்பித்தல் நம் கடமை எனலாம். மேற்கே மேகம் எழுந்தால் மழை என்றும், தெற்கிலிருந்து காற்று அடித்தால் வெப்பம் என்றும் மக்கள் அறிந்திருந்ததை ஆண்டவரே சுட்டிக்காட்டியதாகப் புனித லூக்காஸ் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். வானத்தின் குறிகளை அறிதல் எளிய மக்களின் பழைய கல்வி.

இன்னொன்றும் உண்டு. நம் பங்குகளிலிருந்து செவிலியராகப் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் செல்லும் பெண்மக்கள் பலர். உயர்ந்த மருத்துவச் சொற்களையெல்லாம் கற்றுச் செல்லும் அவர்களைத் திகைக்கவைப்பவை பெரும்பாலும் இத்தகைய சிறு சொற்களே. முதிய நோயாளி ஒருவர் 'கார்டிகன்' கேட்டால் அது முன்புறம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை. 'வெஸ்ட்' என்றால் பிரித்தானியாவில் நம் பனியன். 'டிரெஸ்ஸிங்' என்றால் புண்ணுக்கு இடும் கட்டு; 'டிரெஸ்ஸிங் கௌன்' என்றாலோ இரவு உடையின்மேல் போடும் அங்கி. முன்னர்ச் சொன்ன 'ஐ ஆம் கோல்ட்' என்னும் வாக்கியத்தை முதியவர் ஒருவர் நள்ளிரவில் மெல்லச் சொன்னால், அதன் பொருளை உணர்ந்து ஒரு கம்பளியைப் போர்த்திவிடும் கையே கிறிஸ்துவின் கை. அந்தக் கைக்கு வேண்டிய பயிற்சி மூன்றாம் வகுப்பில் தொடங்குகிறது.

ஆடையைப் பற்றிக் கேட்குமுன்

இறுதியாக, ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். 'வாட் ஆர் யூ வேரிங்?' என்பது இப்பாடத்தில் தவறாது வரும் வினா. நீ என்ன உடுத்தியிருக்கிறாய் என்று ஐம்பது பிள்ளைகள் முன்னிலையில் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்கும்போது, எல்லாக் கண்களும் அப்பிள்ளையின் உடையின்மேல் விழுகின்றன. கிழிந்த இடத்தை ஊக்கு மாட்டி மறைத்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு, அன்றைய ஆங்கிலப் பாடம் அவமானப் பாடமாகிவிடும். நாளைக்கு எல்லாரும் மழைக்கோட்டு கொண்டுவாருங்கள், காலுறை போட்டுவாருங்கள் என்று கட்டளையிடுவதும் அத்தகையதே. கூலிக்குச் செல்லும் தந்தை அன்றிரவு யாரிடம் கைநீட்டுவார்?

இதனைத் தவிர்ப்பது எளிது. வகுப்பறையில் ஒரு துணிப்பை இருக்கட்டும். சட்டை, பாவாடை, துண்டு, தொப்பி, காலுறை, பழைய கம்பளிச் சட்டை ஒன்று, குடை ஒன்று ஆகியவற்றை அதில் இட்டுவைத்து, எல்லாரும் மாறி மாறி எடுத்துப் போட்டுக்காட்டிப் பேசட்டும். பை எல்லார்க்கும் பொது. அதில் ஏழையும் இல்லை, செல்வனும் இல்லை. வீட்டில் மிகையாக இருக்கும் நல்ல உடுப்பு ஒன்றைப் பள்ளிக்கோ பங்கின் மாலை வகுப்புக்கோ அளிக்கும் குடும்பம், அப்பாடத்தில் பங்குபெற்றதாகும்.

இத்தொடர்பில் ஆங்கிலச் சொல் ஒன்றை நினைவில் கொள்வோம். சிற்றாலயத்துக்கு 'சாப்பல்' என்று பெயர். அதன் வேர் ஓர் ஆடை. நான்காம் நூற்றாண்டில், இன்னும் திருமுழுக்குப் பெறாத போர்வீரரான புனித மார்ட்டின், கடுங்குளிர் நாளொன்றில் அமியேன் நகர வாயிலில் ஆடையின்றி நடுங்கிய ஏழை ஒருவரைக் கண்டு, தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியை அளித்தார். அன்றிரவு கனவில் அந்தப் பாதியைப் போர்த்திக்கொண்டு நின்றவர் இயேசு. பிற்காலத்தில் அவருடைய அங்கியைப் போற்றிக் காத்த இடம், அங்கியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் 'கப்பெல்லா' எனப் பெயர்பெற்றது. அச்சொல்லே 'சாப்பல்' ஆயிற்று. குளிரும் ஆடையும் அன்பும் சேர்ந்து ஓர் ஆலயத்தையே அகராதிக்குள் கட்டியிருக்கின்றன. அவர் திருநாள் நவம்பர் 11. நம் ஊர்களில் அது நல்ல மழைக்காலம். அன்று உங்கள் பிள்ளைக்கு 'கோல்ட்' என்றும் 'க்ளோக்' என்றும் இரு சொற்களைக் கற்பித்து, இக்கதையையும் சொல்லி, பக்கத்து வீட்டில் குடையில்லாத பிள்ளையைத் தன் குடைக்குள் அழைத்துச் செல்லுமாறு பழக்குங்கள்.

பிள்ளைகள் நல்ல ஆங்கிலம் பேசட்டும். உயர்ந்த பதவிகளில் அமரட்டும். அதற்கு முன், தம் தலைக்கு மேலுள்ள வானத்தையும் தம் உடல்மேல் உள்ள உடுப்பையும் இரு மொழிகளிலும் நாணாமல் பெயரிட்டு அழைக்கட்டும். நாளைக்காலை நீங்கள் துணி உலர்த்தச் செல்லும்போது, பிள்ளையும் உங்களோடு வரட்டும்.